பங்குனி உத்திரத்துக்கு வந்த வான்கோழி

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. யோசித்து வைத்த இடமில்லை. மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் நாங்கள் குடியிருக்கும் டவுன்ஹவுஸில் கீழே ஒரு சுவரை டி.வி. எடுத்துக்கொண்டது, இன்னொன்றை ஜன்னல் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய சுவர் முருகனுக்கு. வாசலில் மரக்கதவுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கதவும் உண்டு. மரக்கதவைத் திறந்து வைத்தால் பகல் வெளிச்சம் உள்ளே வந்து வேலின் மேல் விழும். அதைப் பார்ப்பதற்காகவே குளிர் கொஞ்சம் குறைந்ததும் மரக்கதவைத் திறந்துவிடுவேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவன். என் மனைவி நர்ஸ். அவள் வேலைதான் எங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது. அவள் ராத்திரி டியூட்டி பார்க்கிறாள், நான் காலையில் ஓர் இந்தியக் கடையில் அரிசி மூட்டை இறக்கி அடுக்கிவிட்டு வந்து சமையல், துணி, மகளை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது எல்லாம் பார்க்கிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே நம் ஆட்கள் கூடும் இடங்களில் எல்லாரும் இன்ஜினியர், டாக்டர். கிரீன் கார்டு, வீட்டு விலை, பிள்ளைகளின் காலேஜ் என்று பேச்சு போகும். நான் நாற்காலி எடுத்துப் போடுவேன், சாம்பார் பாத்திரத்தைத் தூக்குவேன். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் சின்னக் காடு இருக்கிறது. அதிலிருந்து காட்டு வான்கோழிகள் கூட்டமாக வரும். கல்யாண மண்டபத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வீட்டுப் புல்தரையாகப் பார்த்துக்கொண்டு போகும். ரோட்டைக் கடந்தால் கார்கள் வரிசையாக நிற்கும். ஹாரன் அடித்தால் தலையைத் தூக்கி, யாருடா அது என்பது போல ஒரு பார்வை. நாங்கள் எல்லாரும் ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டு வீடியோ எடுப்போம்.

மாசிக் கிருத்திகை அன்று அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெரிய ஆண் பறவை மட்டும் பிரிந்து எங்கள் வாசற்படிக்கு வந்தது. நான் உபவாசத்தில் இருந்தேன். கற்பூரம் காட்டித் திரும்புகிறேன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அது வாலை முழுசாக விரித்துக்கொண்டு நிற்கிறது. இறகில் செம்பும் பச்சையுமாக வெயில் மின்னியது. கழுத்தில் சேவல் மாதிரி சிவப்புச் சதை தொங்கியது. வேலுக்கு நேராக நின்று, இறக்கையைத் தரையில் உரசி, மெல்லக் காலெடுத்து வைத்து ஆடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படியே விழுந்து கும்பிட்டேன்.

முந்தின ராத்திரி டியூட்டி இல்லாததால் காலையிலேயே எழுந்து வந்த மனைவியிடம் சொன்னேன். "முருகனுக்குக் கொடியில சேவல், வாகனம் மயில். இதுல பாரு, ரெண்டும் இருக்கு."

அவள் காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள். "வான்கோழிங்க அது. வெறும் வயித்துல இருக்கீங்க, முதல்ல கொஞ்சம் பால் குடிங்க."

"ரெண்டா பிளக்கறதுக்கு முன்னாடி சூரன் இப்படித்தாண்டி இருந்திருப்பான். ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில்."

மகள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். "வெயிட், அப்பா. சூரன் வில்லன்தானே?"

மனைவி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. எனக்குக் கோபம் வந்தது. சாமி விஷயத்தில் என்ன சிரிப்பு என்று அதட்டினேன். மகள் விடவில்லை. அது கண்ணாடியில் தன்னையே பார்த்து இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கிறது, இது அவற்றுக்கு ஜோடி சேரும் காலம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஏற நான் விடவில்லை என்பதுதான் சரி.

அன்று ஒரு வாழையிலைத் துண்டில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்தேன். மறுநாளும் வந்தது. பிறகு தினமும். பச்சரிசி, வெல்லம் கலந்த அவல், கிருத்திகைப் பிரசாதம் என்று வைக்க வைக்க அது என் கையருகே வந்து கொத்த ஆரம்பித்தது. வீடியோ எடுத்து எங்கள் பஜனை குரூப்பில் போட்டேன். 'என்ன பாக்கியம்' என்று ஒருவர் போட்டார். பெரிய டாக்டர் ஒருவர், என்னைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, அவர் போன் செய்து, "எப்ப வந்தா பாக்கலாம்?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கர். கணவர் இல்லை, மகன் டெக்ஸஸில் இருக்கிறான். குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. மகன் வந்திருந்துவிட்டுப் போன பிறகு, கடைச் சாமான் வாங்கிக் கொடுப்பது நான்தான். கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக மெயில்பாக்ஸ் வரை போய்த் திரும்புவார். தினம் நடந்தால்தான் கால் மடங்கும், விட்டால் இறுகிவிடும் என்று தெரப்பிஸ்ட் சொல்லியிருந்தாராம்.

"நல்லா நடக்கறீங்க ஆன்ட்டி" என்று ஒருநாள் சொன்னேன்.

"நடக்கத்தானே வேணும் தம்பி. ஆஸ்பத்திரியிலை கத்தி வைக்க முதல் நேர்த்தி வைச்சனான். பெரிய வெள்ளிக்கு என்ரை காலிலை நிண்டு சிலுவையை முத்தி செய்வன் எண்டு. ஒருத்தரையும் பிடிக்காமல். அதுக்குத்தான் இந்தப் பாடு."

முத்தி என்றால் முத்தம், நேர்த்தி என்றால் நாங்கள் சொல்லும் நேர்த்திக்கடன்தான். அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மனைவியின் விசாவுக்காகப் பழனிக்கு நடந்தவன் நான். அவர் சொன்னபோது என் கண் கலங்கியது. அந்த நான்தான் அடுத்த சில நாட்களில் வேறு ஆளாகிப்போனேன்.

அந்தப் பறவைக்கு மனிதர் மேலிருந்த பயம் போய்விட்டது. நான் சோறு போட்டுப் போட்டுப் போக்கியது. வேகமாக நடக்கிறவர்களை அது விட்டுவிடும். மெதுவாக நடக்கிறவர் என்றால் வாலை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நிற்கும், முதுகைக் காட்டினால் ஓடிவந்து கொத்தும். எங்கள் தெருவில் மெதுவாக நடக்கிறவர் ஒரே ஒருவர். பங்குனி பிறந்ததும் அவர் நடையைக் காணவில்லை. அதை நான் கவனித்ததாகக்கூட நினைவில்லை.

ஒருநாள் கறிவேப்பிலை கொடுக்கப் போனேன். கதவைப் பாதி திறந்து வெளியே இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. உந்தச் சேவல் என்னை வாசல் தாண்ட விடுகுதில்லை. விழுந்தனெண்டால் கால் முடிஞ்சுது. பெரிய வெள்ளி வரைக்குமாவது உந்தச் சாப்பாடு வைக்கிறதை நிப்பாட்டுவியளோ?"

சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பங்குனி உத்திரத்துக்கு டாக்டர் குடும்பத்தோடு வருகிறார், இன்னும் பல குடும்பங்கள் வருகின்றன. அன்று பறவை வராமல் போனால் என் முகம் என்னாவது?

"அது ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி. உங்க மனசுல பயம் இருக்கறது அதுக்குத் தெரியுது. முருகா முருகான்னு சொல்லிட்டே நடங்க. தானா வழி விட்டுடும்."

அவர் கறிவேப்பிலையை முகர்ந்து, "நல்ல வாசம்" என்றார். "சரி தம்பி, சொல்லிப் பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "அவங்க தினம் ஜெபமாலை சொல்றவங்க. அவங்ககிட்ட போய் இப்படிச் சொன்னீங்களா? அந்தக் கால் மடங்காம போனா மறுபடி மயக்க ஊசி போட்டு மடக்குவாங்க, தெரியுமா உங்களுக்கு?"

"நம்பிக்கை இல்லாதவ மாதிரி பேசாத" என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி துணிமேல் அழுத்தினாள்.

உத்திரத்தன்று தெரு முழுக்கக் கார்கள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக வந்தவர்கள் என் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பாட்டு, தேங்காய், பழத்தட்டு. பறவை குறித்தபடி வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் வாலை விரித்துக் கண்ணாடியைப் பார்த்து ஆடியது. ஒரு அம்மா அழுதுவிட்டார். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பக்திக்கு வந்திருக்கு சார்" என்றார். என்னை யாரும் அங்கே சார் என்று கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியதைப் பார்த்தேன். ஆன்ட்டியும் தரிசனம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது. நேர்த்திக்கு நடக்க முடியாமல் ஒரு பெண் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறார், நான் அவரையும் என் கூட்டத்தில் சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

அந்த வாரமே பெரிய வெள்ளி. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை பூஜை எப்போதும் மத்தியானம்தான், மனைவி தூங்கி எழுந்த பிறகுதான் மணி அடிக்க முடியும். அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்து, வேலுக்குப் பால் அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன். வெளியே பறவை கொக்கரித்தது. வந்துவிட்டான் என்று மனசு குளிர்ந்தது. அப்புறம் ஒரு கார் ஹாரன் கேட்டது. மறுபடி ஹாரன். என் போன் சமையல் மேடையில் அதிர்ந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"ஏங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி" என்றாள் மனைவி, போனை எட்டிப் பார்த்து.

பூஜை நடுவில் பேசுவதில்லை என்பது என் விரதம். இருக்கட்டும் என்று கையால் சைகை காட்டினேன். அவள் ஈரத் தலையோடு எடுக்கப் போனாள். மணியை அடித்துவிட்டேன். தீபாராதனைக்கு வந்து நில் என்று அர்த்தம். அவள் வந்து நின்றாள். நிதானமாக, ஒன்றும் குறையாமல், நட்சத்திர ஆரத்தி, கும்ப ஆரத்தி, கற்பூரம் எல்லாம் காட்டினேன்.

திருநீறு பூசிக்கொண்டு போய்ப் போனைப் பார்த்தேன். பல தடவை கூப்பிட்டிருக்கிறார். வேட்டிக்கு மேல் ஜாக்கெட்டையும் காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டு ஓடினேன். பறவை எங்கள் படியில் இலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீலை, கையில் ஜெபமாலை, மடியில் கைப்பை. கம்பு தரையில் கிடந்தது. கோயிலுக்குக் கூட்டிப்போக அவருடைய கூட்டாளி ஒரு வயதான அம்மா கார் கொண்டுவந்திருக்கிறார். இவர் வாசலில் இறங்கியதும் பறவை குறுக்கே வந்துவிட்டது. அந்த அம்மா ஹாரன் அடிக்க, அது காரின் மேல் பாய்ந்து கதவைக் கொத்தியிருக்கிறது. அவரும் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் இன்னொரு நோயாளி. நேரமாகிவிட்டது.

"போங்கோ, பிந்தப் போகுது எண்டு கையைக் காட்டி அனுப்பிப்போட்டன்" என்றார்.

கீழே கிடந்த கம்பை எடுத்து நீட்டினேன். "ஆன்ட்டி... நான் பூஜைல..."

"மணிச் சத்தம் கேட்டது தம்பி." அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "நீங்கள் சொன்ன மாதிரியும் செய்தனான். முதல் யேசுவே எண்டன், பிறகு முருகா எண்டும் சொன்னன். அது ரெண்டு பேருக்கும் அடங்கேல்லை." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நெற்றியில் திருநீற்றோடு அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றேன். நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

என் மனைவி அதற்குள் கார்ச் சாவியோடு வந்துவிட்டாள். கையில் காலி வாளி. வழியில் பறவையின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். "கூட்டிட்டுப் போங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோயிலில், அவர் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார், எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் படியில் செருப்பைக் கழற்றினேன். ஏப்ரல் குளிரில் வெறுங்காலோடு, வேட்டிக்கு மேல் விண்டர் ஜாக்கெட்டோடு உள்ளே போனேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. சிலுவையை மட்டும் மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். இன்னும் இருக்கிறதே என்று எனக்கு உயிர் வந்தது.

நடுவழியில் அவர் கம்பை ஊன்றி நன்றாகவே நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். சிலுவைக்கு முன்னால் ஒரு படி இருந்தது. அங்கே கம்பைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். காலைத் தூக்கி வைக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் முன்னே பாய்ந்தேன். அவர் கை என் தோளைப் பற்றியது.

ஜாக்கெட்டையும் மீறி அந்தப் பிடி தோளில் அழுந்தியது. அப்படியே, முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு ஏறி, குனிந்து, சிலுவையின் பாதத்தில் முத்தி செய்தார். குனிந்தபடியே நெடுநேரம் இருந்தார். அவர் நடக்காமல் வீட்டுக்குள் கிடந்த ஒவ்வொரு நாளும் என் தோளில் கனத்தது. ஒருத்தரையும் பிடிக்காமல் என்று அவர் சொன்னது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. பிடிக்க வைத்தவன் தோள் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். என் முருகனிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அந்த இடத்தில் எனக்கு வாய் எழவில்லை.

திரும்பும் வழியில் ரூட் ஒன்னில் சிக்னலில் நின்றபோது கேட்டேன். "நேர்த்தி நிறைவேறின மாதிரிதானே ஆன்ட்டி?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ரை காலிலை எண்டுதான் சொன்னனான் தம்பி."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

தெருவில் திரும்பினால், எங்கள் வாசலில் அது நிற்கிறது. இறகு காய்ந்து, வாலை முழுசாக விரித்து, கண்ணாடிக் கதவுக்கு நேராக. மனைவி மரக்கதவைச் சாத்தியிருந்தாள். உள்ளே வேல் தெரியவில்லை. அப்போதும் அது அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்து. மகள் சொன்னது சொன்னபடி. அது ஒரு நாளும் முருகனைப் பார்க்க வரவில்லை.

காரை நிறுத்தி இறங்கினேன். சத்தம் கேட்டு அது திரும்பி, எங்களை நோக்கி வந்தது. எனக்கு வெறி வந்துவிட்டது. காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓங்கினேன். தினமும் கும்பிட்டு இலை வைத்த கை.

"எறியாதேங்கோ தம்பி!" காருக்குள்ளிருந்து ஆன்ட்டி கத்தினார். "செருப்பாலை எறியாதேங்கோ. உங்கடை சாமியின்ரை ஆளெல்லோ. நீங்கள் கும்பிட்ட சாமான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் கும்பிடுவதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நான் கும்பிட்டதை, நான் தவறாகக் கும்பிட்டேன் என்று தெரிந்த பிறகும், அவர் செருப்புப் படாமல் காப்பாற்றுகிறார். எதிர் வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியும் கையில் செருப்புமாக நான் நடுரோட்டில் நின்றேன்.

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டேன். ஆன்ட்டி பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, பறவைக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அது இறக்கையை உரசிக்கொண்டு முன்னே வந்தது. தொடையில் ஒரு கொத்து வைத்தது. வேட்டி கிழிந்தது. நான் நகரவில்லை. அவர் மெதுவாக இறங்கி, கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடியாக வந்தார். அவர் அடி வைத்தால் நானும் பக்கவாட்டில் ஓரடி. பறவையும் கூடவே ஓரடி. அப்படியே அவர் வாசல் வரை போனோம்.

படியேறியதும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சாவியைத் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "நாளைக்குக் காலமை நடக்கவேணும். இப்பிடி வருவியளோ தம்பி?"

இதை அவர் கேட்கும்படி வைத்துவிட்டேனே என்று இருந்தது.

"வர்றேன் ஆன்ட்டி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஜாக்கெட் பையில் போன் அதிர்ந்தது. டாக்டர். அடுத்த கிருத்திகைக்கு இன்னும் சிலரைக் கூட்டி வரலாமா என்று கேட்கத்தான் இருக்கும். எடுத்தேன். "சார், அது வெறும் வான்கோழி சார்" என்றேன். பறவை என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது.